வேலை தேடும் நாட்களுக்கு ஒரு நோட்டு

பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை வாங்குபவர், வாரத்துக்கு 35 மணி நேரம் வரை வேலை தேடியதாகக் கணக்குக் காட்ட வேண்டி வரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் வேலை கேட்டோம் என்ற விவரம் இல்லாமல் அந்த வாரப் பணம் வராது. தமிழ்நாட்டில் அப்படியொரு கெடுபிடி இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகைக்கும் சரி, இஎஸ்ஐ தரும் வேலையிழப்பு நிவாரணத்துக்கும் சரி, எங்கெங்கே ஏறி இறங்கினீர்கள் என்று பட்டியல் கேட்க மாட்டார்கள். பிறகு எதற்கு நோட்டு என்ற கேள்வி நியாயமானதுதான்.

இங்குள்ள அலுவலகங்கள் கேட்பதெல்லாம் தேதிகள். என்றைக்குப் பதிவு செய்தீர்கள், எப்போது புதுப்பித்தீர்கள், கடைசியாக வேலை பார்த்த நாள் எது, எந்த மாதத்தோடு சந்தா நின்றது? கொங்குப் பகுதியில் வேலை போகும் விதமோ தேதியை மிச்சம் வைப்பதில்லை. பல பனியன் கம்பெனிகளில் பணிநீக்கக் கடிதம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. "ஆர்டர் வந்தா போன் பண்றோமுங்க" என்பதோடு சரி. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், 2020 ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த பிறகும் திருப்பூரில் ஷிஃப்ட் குறைந்தது இந்த வழியில்தான். வாரம் ஆறு நாள் நான்காகும், நான்கு இரண்டாகும், பிறகு போன் வராது. வேலை போன நாள் எது என்று மூன்று மாதம் கழித்துக் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நாளை எழுதி வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான். எழுதாவிட்டால் யாரிடமும் இல்லை.

உங்களுக்கு எந்தப் பணம்?

நோட்டில் எதை எழுதுவது என்பது நீங்கள் எந்தப் பணத்துக்குத் தகுதி என்பதைப் பொறுத்தது. அதனால் சுருக்கமாக இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, மாநில அரசு 2006 முதல் தரும் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகை. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். அதிகபட்சம் 3 ஆண்டுகள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, 5 ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40-க்குள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45. கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருப்பவருக்குக் கிடையாது, அஞ்சல்வழியில் படிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தளர்வு: ஓராண்டுக் காத்திருப்பு போதும், வருமான வரம்பு இல்லை, படிப்பைப் பொறுத்து 600, 750, 1,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் வரை. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் தொகை இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரி இருக்கும் கோவையில் இது பலருக்கு விண்ணப்பித்த பிறகுதான் தெரிய வருகிறது.

இரண்டாவது, இஎஸ்ஐ பிடித்தம் உள்ள வேலையில் இருந்தவர்களுக்கானது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். 2018 ஜூலையில் தொடங்கியது. சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்ததை 2020-ல் 50 சதவீதமாக்கினார்கள். 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை. நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் முழுத்தொகை 22,500. வேலை போய் 30 நாட்களுக்குப் பிறகு நீங்களே இஎஸ்ஐ இணையதளத்தில் கோரலாம். இரண்டு ஆண்டுகளாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாட்கள், அந்த இரண்டு ஆண்டுகளின் மற்ற மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கும் திட்டம் இது. விண்ணப்பிக்குமுன் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் அன்றைய நிலையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆலையே மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ, 2005-ல் வந்த இஎஸ்ஐயின் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனாவும் இருக்கிறது. மில் மூடி வெளியே வந்தவர்கள் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மாதம் 600 ரூபாய்க்கு இவ்வளவு எழுதணுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். பட்டதாரிக்கு மூன்று ஆண்டுகளில் 21,600 ரூபாய். வாழ்க்கை நடத்த அது போதாது. பஸ் கட்டணம், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று வேலை தேடுவதற்கு ஆகும் செலவை ஓரளவு தாங்கும். ஒரு காலாண்டு தவறினால் 1,800 ரூபாய் போகும். புதுப்பிக்கும் மாதத்தை மறந்தாலோ பணம் மட்டும் போகாது, ஐந்தாண்டுக் காத்திருப்பே கேள்விக்குறியாகும். நோட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும்.

முதல் பக்கம்: கடைசி வேலை நாள்

நோட்டின் முதல் பக்கத்தைத் தேடலுக்குக் கொடுக்காதீர்கள். விட்டு வந்த வேலைக்குக் கொடுங்கள். இந்த வரிசையில் எழுதலாம்.

1. கடைசியாக வேலை பார்த்த தேதியும் கிழமையும். கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னார்கள் என்றால் சொன்னவர் சூப்பர்வைசரா, மேனேஜரா, கான்ட்ராக்டரா என்று குறியுங்கள். "வேலை இருக்கா, வரட்டுங்களா?" என்று மறுநாள் நீங்களே ஒரு செய்தி அனுப்பி, பதிலையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் தராத இடத்தில் இந்த உரையாடல்தான் தேதியிட்ட காகிதம்.

2. உங்கள் இஎஸ்ஐ எண், பிஎஃப் யுஏஎன் எண், அவை யார் பெயரில் ஓடின என்ற விவரம். இந்த இடத்தில் சறுக்குபவர்கள் அதிகம். குறிச்சி சிட்கோவில் வார்ப்படக் கம்பெனியில்தான் வேலை பார்த்திருப்பார். சந்தாவைக் கட்டியது கான்ட்ராக்டர். கம்பெனி பெயரை எழுதி விண்ணப்பித்தால் ஆவணத்தில் இருக்கும் முதலாளி பெயரோடு பொருந்தாது. இஎஸ்ஐ தளத்தில் உங்கள் சந்தா விவரத்தைத் திறந்து, அங்கே இருக்கும் பெயரை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. கடைசி இரண்டு ஆண்டுகளில் மாதவாரியாகச் சந்தா ஏறிய நாட்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது என்பதால் பணம் கட்டப்பட்டது என்று ஆகாது. 78 நாட்களுக்குக் குறைவாகத் தெரிந்தால், வேலை விட்ட சூட்டோடு கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் கணக்கர் மாறியிருப்பார்.

4. பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதி. முதலாளி போடாவிட்டால், கடைசிச் சந்தா ஏறிய இரண்டு மாதத்துக்குப் பிறகு யுஏஎன் தளத்தில் நீங்களே போடலாம். நோட்டில் உள்ள தேதியும் இதுவும் ஒத்துப்போகட்டும்.

எச்சரிக்கை: கணக்கு முடிக்கும்போது நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இஎஸ்ஐ நிவாரணம் கிடையாது. ஆர்டர் இல்லாமல் நிறுத்தப்பட்ட ஒருவர் விருப்பப்பட்டுப் போனதாக ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிட்டால், அதைத் திருப்பி எழுதுவது கடினம். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் பக்கம்: அலுவலகத் தேதிகள்

இந்தப் பக்கம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களுக்கு. பதிவு எண், பதிந்த தேதி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பிக்கும் மாதம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் வாங்கும்போது பள்ளியிலேயே பதிந்துவிட்டு, அதை மறந்து, கல்லூரி முடித்ததும் புதிதாக ஒரு பதிவு போடுபவர்கள் உண்டு. பழைய பதிவைத் தேடி எடுத்து அதில் பட்டத்தைச் சேர்ப்பதே சரி. ஒவ்வொரு கல்வித் தகுதிக்கும் பதிவுமூப்பு தனித்தனித் தேதியிலிருந்து கணக்காகும். ஆகவே எந்தத் தகுதியை எப்போது சேர்த்தீர்கள் என்பதும் இங்கே வர வேண்டும். புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு சில சமயம் சிறப்புச் சலுகை அறிவிக்கிறது என்பது உண்மை. அது வரும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

அடுத்து, வருமானச் சான்று. 72,000 ரூபாய் என்றால் குடும்பத்துக்கே மாதம் 6,000. கொங்குப் பகுதியில் வீட்டில் ஒருவர் மில்லுக்கோ தறிக்கோ ஒழுங்காகப் போனாலே தாண்டிவிடும் தொகை இது. வரம்பு இப்படி இருப்பது நியாயமா என்று வாதிக்கலாம். ஆனால் சான்றில் குறைத்துக் காட்டுவது அதற்கு வழியல்ல. தகுதி இல்லையென்றால் இந்தப் பணத்தை விட்டுவிட்டு, பதிவையும் தேடல் நோட்டையும் மட்டும் தொடருங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். இன்னமும் வேலையில் இல்லை, வருமானம் வரம்புக்குள்தான் என்று நீங்களே எழுதிக் கையெழுத்திடும் தாள் அது. கொடுக்காவிட்டால் பணம் நிற்கும். கொடுத்த தேதியை நோட்டில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் கேட்டு வாங்கி, நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகி அரசு வேலை போய்விடும் என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓடுகிறது. அது தவறு, உதவித்தொகை பெறுவதால் பதிவுமூப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

மூன்றாம் பக்கம் முதல்: தேடல்

இனி அன்றாடப் பதிவு. நீளவாக்கில் ஆறு கட்டம் போதும்: தேதி, இடம், யார் மூலம் தெரிந்தது, என்ன வேலை, சொன்ன சம்பளம், கிடைத்த பதில். கைப்பேசியில் எக்செல் தாளாக வைப்பவர்கள் வைக்கலாம். நாற்பது பக்க நோட்டே போதும் என்பது என் கட்சி. கிராம நிர்வாக அலுவலரிடமும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் எடுத்து நீட்ட வசதியானது அதுதான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். இணையத்தில் விண்ணப்பிப்பவனுக்கு எழுத விஷயம் இருக்கும். நம் பக்கம் வேலை கிடைப்பதே கேட்டில் தொங்கும் போர்டைப் பார்த்தும் பங்காளி சொல்லியும்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது? வலுவான மறுப்புதான். ஆனால் அது எழுத வேண்டியதன் காரணத்தைத்தான் கூட்டுகிறது. இணையத்தில் விண்ணப்பித்தால் மின்னஞ்சல் மிஞ்சும். கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வந்தால் எதுவும் மிஞ்சாது. தனியார் துறை வேலை இணையத்தில் போட்ட விண்ணப்பத்தை அந்தத் தளமே நினைவில் வைத்துக்கொள்ளும். கணபதியில் லேத் பட்டறைக்காரர் "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்று சொன்னதை யார் நினைவில் வைப்பது? அடுத்த வாரம் என்ன கிழமை என்று எழுதியவர் மறுபடி போவார். எழுதாதவருக்கு அந்த வேலை அங்கேயே முடிந்தது.

பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு மாதிரி:

"செவ்வாய், 10-ஆம் தேதி. ஆவாரம்பாளையம், மோட்டார் பம்ப் யூனிட். கேட் போர்டு பார்த்து. வைண்டிங் ஹெல்பர். 8 மணி ஷிஃப்ட், இஎஸ்ஐ உண்டு என்றார்கள். வியாழன் காலை சான்றிதழ் நகலோடு வரச் சொன்னார்கள்."

"வெள்ளி, 13-ஆம் தேதி. வேலைவாய்ப்பு அலுவலக முகாம். நான்கு கம்பெனிகளில் பயோடேட்டா கொடுத்தேன். மூன்று பேர் இரவு ஷிஃப்ட் மட்டும் என்றார்கள். பெருந்துறை சிப்காட் கம்பெனி போன் நம்பர் வாங்கிக்கொண்டது."

இரண்டிலும் சம்பளமோ ஷிஃப்டோ ஏதாவது ஒரு நிபந்தனை இருப்பதைப் பாருங்கள். "போனேன், இல்லை என்றார்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும், படித்தாலும் எதுவும் விளங்காது. நிபந்தனையை எழுதினால் நாலைந்து வாரத்தில் ஒரு உருவம் தெரியும். திரும்பத் திரும்ப இரவு ஷிஃப்டில்தான் முட்டுகிறதா, சிஎன்சி தெரியுமா என்ற கேள்வியில்தான் திரும்ப வேண்டியிருக்கிறதா, ஓவர்லாக் மட்டும் தெரிந்து பிளாட்லாக் தெரியாததுதான் பீஸ் ரேட்டைக் குறைக்கிறதா? வேலை கிடைக்காததற்குக் காரணம் காலம் கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வதற்கும், மூன்று மாதப் பயிற்சியில் தீரக்கூடிய ஒரு குறையைக் கண்டுபிடிப்பதற்கும் இடையே இந்தக் கட்டங்கள்தான் இருக்கின்றன. அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள். விண்ணப்ப எண்ணும் கட்டணம் கட்டிய தேதியும் சேர்த்து.

குறிப்பு: மாதக் கடைசியில் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். நோட்டு மழையில் நனைந்தாலும், எழுதிய காலம் எது என்பது அங்கே நிற்கும். நேர்காணலுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து ஆறு மாதத்தையும் ஒரே பேனாவில் நிரப்பும் பழக்கம் வேண்டாம். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கூலிக்குப் போனால்

நேர்மையானவர்களைக்கூடத் தடுமாற வைக்கும் இடம் இது. உதவித்தொகை வாங்கிக்கொண்டே சோமனூரில் தறிக்கோ, கல்யாண மண்டபத்தில் பரிமாறவோ, தோட்டத்தில் மஞ்சள் வெட்டவோ இரண்டு நாள் போகாதவர் யார்? அதை எழுதினால் பணம் நின்றுவிடுமோ என்று பயந்து எழுதாமல் விடுவது பெரிய தவறு. எழுதுங்கள்: தேதி, இடம், எத்தனை நாள், எவ்வளவு கூலி. பிறகு, ஆண்டு உறுதிமொழித் தாள் கொடுக்கப் போகும்போது அதைக் காட்டி, இது வேலையில் இருப்பதாகக் கணக்காகுமா என்று அலுவலரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதும், கேட்காமல் வேலையே பார்க்கவில்லை என்று போடுவதும் ஒன்றல்ல. பின்னது பொய் உறுதிமொழி. அதற்குச் சட்ட நடவடிக்கையும் வரலாம், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நிரந்தர வேலை, ஆனால் பிஎஃப், இஎஸ்ஐ இல்லை, அதனால் அரசுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் வேலையில் இருப்பவர். உதவித்தொகையை நிறுத்திக்கொள்வதே முறை.

நோட்டும் நீங்களும் பத்திரம்

வேலை தேடுபவரின் கையில் அசல் சான்றிதழ், ஆதார், வங்கி விவரம் எல்லாம் ஒரே பையில் இருக்கும். மோசடிக்காரர்கள் தேடுவதும் இப்படி ஒரு பையைத்தான். அசல் சான்றிதழை எந்தக் கம்பெனியிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். கொடுத்த ஒவ்வொரு நகலின் மேலும் எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் குறுக்கே எழுதுங்கள். நோட்டிலும் ஒரு வரி எழுதுங்கள். வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் இந்த நோட்டில் எழுதக் கூடாது.

வேலை தர முன்பணம் கேட்டால், சீருடைக்கு, பயிற்சிக்கு, லேப்டாப்புக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நோட்டில் இருக்கும் தேதி, நேரம், கைப்பேசி எண், தொகை நான்கும் அங்கே உடனே தேவைப்படும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று சொல்லி மியான்மர், கம்போடியா மோசடிக் கூடாரங்களில் தமிழக இளைஞர்கள் சிக்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியையும் எழுதிய பிறகே அடுத்த பேச்சு.

மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கச் செல்லும் பெண்கள் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: சம்பளம் மாதாமாதம் கையில் வருமா, கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்கிறார்களா? மொத்தமாக என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் போகாமல் இருப்பதே நல்லது.

வேலை கிடைத்த அன்று

சேர்ந்த தேதியை எழுதி, வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து உதவித்தொகையை நிறுத்துங்கள். இஎஸ்ஐ நிவாரணக் கோரிக்கை நடுவில் இருந்தால் அங்கேயும் தெரிவியுங்கள். வேலையில் சேர்ந்த நாளுக்குப் பிறகான நாட்களுக்குப் பணம் கோரக் கூடாது. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, பழைய இஎஸ்ஐ எண்ணையும் யுஏஎன் எண்ணையும் புதிய கம்பெனி அலுவலகத்தில் கொடுங்கள். அவசரத்தில் பல இடங்களில் புதிதாக ஓர் இஎஸ்ஐ எண் போட்டுவிடுகிறார்கள். இஎஸ்ஐ எண் ஆளுக்கு ஒன்றுதான். இரண்டாவது எண் விழுந்தால் இதுவரை கட்டிய சந்தா ஒரு பக்கம், இனிக் கட்டுவது இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும். மறுபடி ஒருநாள் 78 நாள் கணக்குப் பார்க்க நேர்ந்தால் இரண்டிலும் குறையும். முதல் மாதச் சம்பளம் வந்ததும் இஎஸ்ஐ தளத்தைத் திறந்து, சந்தா பழைய எண்ணிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த தேதியை நோட்டின் கடைசி வரியாக எழுதி, பரணில் போடாமல் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.